ஏழு நாள், ஒரு தீவு: திருத்தணியிலிருந்து பார்க்கும்போது

கடலோர நகரங்கள் உள்ள ஒரு வெப்பமண்டலத் தீவில் ஒரு வாரத்தைக் கழிக்கக் கிளம்பும் குடும்பம் அங்கே என்ன செய்ய வேண்டும்? தீவைச் சுற்றி வந்து முடிந்த அளவு பார்த்துவிட வேண்டுமா? கடலோரம் ஓரிடத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டுமா? நகரத்தில் அறை எடுத்துக்கொண்டு தினம் ஒரு பக்கம் போய்த் திரும்ப வேண்டுமா? அல்லது கோயிலொன்றை இலக்காக வைத்து, வழியில் அகப்படுவதைக் கண்டு வர வேண்டுமா? இந்த நான்கு விடைகளும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைகளிலிருந்து பிறந்தவை. ஒவ்வொன்றும் யாருக்காக உருவானது என்று அறிந்துகொண்டால், நமக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்வது எளிது.

இந்தக் கட்டுரை இலங்கையை முதன்மை எடுத்துக்காட்டாகவும் அந்தமானை ஒப்பீட்டுக்காகவும் எடுத்துக்கொள்கிறது. பார்க்கும் இடம் திருத்தணி. 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த இந்த எல்லை ஊருக்குக் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமானால் ரயிலேறிச் சென்னைக்குத்தான் போக வேண்டும். ஆனால் மலைமேல் இருக்கும் முருகனால் இந்த ஊருக்கும் இலங்கைத் தீவுக்கும் பழைய உறவு உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர் திருத்தணியையும், இலங்கையிலுள்ள கதிர்காமத்தையும் திருகோணமலையையும் பாடியிருக்கிறார். கடலோடு பழக்கமின்மையும் தீவோடு பழைய தொடர்பும் ஒருங்கே அமைந்த இந்த ஊர், கேள்வியை ஆராய நல்ல இடம்.

ஏழு நாளின் உண்மைக் கணக்கு

நிலைப்பாடுகளை எடைபோடுமுன் கால அளவைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும். ஆனால் திருத்தணியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் மீனம்பாக்கம் விமான நிலையம் போய், மூன்று மணி நேரம் முன்னதாகவே வரிசையில் நின்று, கட்டுநாயக்கவில் குடிவரவுச் சோதனை முடித்து, முப்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கொழும்புக்குள் நுழையும்போது ஒரு பகல் கழிந்திருக்கும். திரும்பும் நாளும் அப்படித்தான். ஆக ஒரு வாரம் என்பது நடைமுறையில் ஐந்து முழு நாள்.

தீவின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதி. வரைபடத்தில் சிறியதாகத் தெரியும் தீவில் சாலைப் பயணம் மெதுவானது. கொழும்பிலிருந்து கண்டி சுமார் 115 கிலோமீட்டர்தான் என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். திருகோணமலை சுமார் 260 கிலோமீட்டர். ஆறு மணி நேரம் ஒதுக்க வேண்டும். விடுதியைக் காலி செய்து, பெட்டி கட்டி, பயணம் செய்து, அடுத்த விடுதியில் அறை கிடைக்கும்வரை காத்திருப்பதில் ஒவ்வொரு முறையும் அரை நாளாவது போகிறது. மூன்று முறை இடம் மாறினால் ஐந்தில் ஒன்றரை நாள் மறைந்துவிடும். பின்வரும் எல்லா வாதங்களையும் இந்தக் கணக்கின் மேல் வைத்தே பார்க்க வேண்டும்.

முதல் விடை: தீவைச் சுற்றி வருதல்

இன்று பயண முகவர்கள் விற்கும் இலங்கைச் சுற்றுலாவின் அடித்தடம் காலனிய காலத்தில் விழுந்தது. 1867இல் கொழும்பு – கண்டி ரயில் பாதை திறக்கப்பட்டது. 1885இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் முடிந்ததும் கிழக்கும் மேற்கும் போகும் கப்பல்கள் அங்கே நின்று போகத் தொடங்கின. கப்பலிலிருந்து இறங்கிய பயணிக்குக் கையில் சில நாள்களே இருந்தன. அதற்குள் கண்டியையும் நுவரெலியாவையும் அனுராதபுரத்தையும் காட்டியாக வேண்டும். இந்தியா, பர்மா, இலங்கை மூன்றையும் சேர்த்து லண்டன் முர்ரே பதிப்பகம் வெளியிட்ட கையேடு போன்ற நூல்கள் இந்த வரிசையை நிலைநிறுத்தின. பின்னர் 1982இல் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகியவையும், 1988இல் கண்டியும் காலிக் கோட்டையும், 1991இல் தம்புள்ளையும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றபோது அதே பாதை மேலும் வலுப்பெற்றது. அண்மைக் காலத்தில் இந்தியப் பயணிகளுக்கென உருவான இராமாயணத் தலச் சுற்றுலாவும், சீதா எலியா போன்ற சில இடங்களைச் சேர்த்துக்கொண்டு, பெரும்பாலும் இதே தடத்தில்தான் செல்கிறது.

இதன் வலு மறுக்க முடியாதது. இன்னொரு முறை வர வாய்க்குமா என்று தெரியாத குடும்பத்துக்கு, கொடுத்த பணத்துக்கு நிறையப் பார்த்தோம் என்ற நிறைவு முக்கியம். மலைநாடு, பழைய தலைநகரம், கடல் மூன்றையும் ஒரே வாரத்தில் காண்பது இலங்கை போன்ற தீவில் இயலும் காரியமே.

பலவீனமும் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. கப்பல் புறப்படும் நேரத்தை எண்ணி வகுக்கப்பட்ட பாதை அது. அதே வேகத்தில் அறுபதைத் தாண்டிய பெரியவர்களையும் சிறு பிள்ளைகளையும் கூட்டிச் செல்லும்போது, வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரம் இறங்கி நடக்கும் நேரத்தைவிடக் கூடிவிடும். தொல்லியல் இடங்கள் பலவற்றில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் என்பதால் (சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு) செலவும் ஏறுகிறது. இந்தத் திட்டத்தில் கடற்கரை வழக்கமாகக் கடைசி நாளின் மாலையில் ஒரு மணி நேரமாகச் சுருங்கிப்போகும்.

இரண்டாம் விடை: ஓரிடத்தில் தங்குதல்

கடற்கரையே விடுமுறையின் நோக்கம் என்பது பழைய எண்ணமல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரஸ்ஸல் போன்ற மருத்துவர்கள் கடல்நீரில் குளிப்பதை மருந்தாகப் பரிந்துரைத்தார்கள். அதுவரை அச்சத்தோடு பார்த்த கடலோரத்தை ஐரோப்பியர்கள் எப்படி விரும்பத் தொடங்கினார்கள் என்பதை அலென் கோர்பென் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1988இல் விரிவாக எழுதினார். 1950இல் மயோர்க்கா தீவில் கிளப் மெடிட்டரனே தன் முதல் விடுமுறைக் கிராமத்தை அமைத்தது. தங்குமிடம், சாப்பாடு, விளையாட்டு, கடல் எல்லாம் ஒரே வேலிக்குள் கிடைக்கும் முறை அதன்பின் பரவியது. இலங்கையில் 1966இல் சுற்றுலாச் சபை நிறுவப்பட்டதையடுத்து பெந்தோட்டை அரசின் விடுமுறைத் தலமாக வளர்ந்தது. அங்கே ஜெப்ரி பாவா வடிவமைத்த கடற்கரை விடுதி அந்தக் காலத்தின் அடையாளம்.

இந்த விடைக்கு ஆய்வுகளின் ஆதரவு ஓரளவு உண்டு. நெதர்லாந்தில் யெரூன் நவைன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறைக்குப் போய்வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிய பின் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கவில்லை. மிகவும் நிதானமான விடுமுறை என்று சொன்னவர்களிடம் மட்டுமே சிறிது பின்விளைவு தங்கியிருந்தது. அலைச்சல் குறைந்தால் பயன் கூடும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டலாம்.

ஆனால் இந்த முறை யாரை மனத்தில் வைத்து உருவானது என்பதைக் கவனிக்க வேண்டும். நீச்சல் அறிந்த, வெயிலைத் தேடி வரும் குளிர்நாட்டாருக்கு ஏழு நாளும் கடற்கரையில் வேலை இருக்கிறது. சித்திரை வெயிலைத் திருத்தணியிலேயே போதுமான அளவு கண்டவருக்கு வெயில் ஒரு பொருட்டல்ல. நீந்தத் தெரியாதவருக்குக் கடல் முழங்கால் ஆழத்தோடு நின்றுவிடும். மூன்றாம் நாளே பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டக்கூடும். விடுதியின் வேலிக்கு வெளியே இருக்கும் ஊரோடு பழக வாய்ப்பில்லை என்பது சமூகவியலாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டும் குறை. சைவச் சாப்பாட்டுக்கு ஒரே விடுதியின் சமையலறையை நம்பியிருப்பதும் சிரமம்.

மூன்றாம் விடை: நகரக் கடற்கரையை மையமாக்குதல்

கடலோர நகரமொன்றில் தங்கி, காலையில் வெளியே போய், மாலையில் கடற்கரைக்குத் திரும்புவது மூன்றாவது வழி. இதற்கு நம் ஊரிலேயே முன்மாதிரி உண்டு. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் சென்னை மெரினாவில் உலாவும் பாதை அமைத்தார். அதற்கு முன்பே, 1859இல், கொழும்பின் காலிமுகத்திடலை ஆளுநர் ஹென்றி வார்ட் உலாவுமிடமாக்கியிருந்தார். இரண்டுமே காற்று வாங்குவதற்கும் கூடிப் பேசுவதற்கும் அமைந்தவை. குளிப்பதற்காக உருவானவை அல்ல. காலிமுகத்திடலில் மாலையில் இறால் வடைக் கடைகளும் பட்டம் விடும் பிள்ளைகளுமாகக் கூட்டம் கலகலக்கும். ஆனால் அங்கே கடலில் இறங்கிக் குளிக்க முடியாது. மெரினாவிலும் குளிப்பது ஆபத்து என்று ஆண்டுதோறும் எச்சரிக்கிறார்கள். கொழும்பில் கடலோரமாகவே ரயில் பாதை ஓடுவதால் நகரத்துக்கும் மணலுக்கும் இடையே தண்டவாளம் கிடக்கிறது. குளிக்க விரும்புகிறவர்கள் தெற்கே கல்கிசைக்கோ வடக்கே நீர்கொழும்புக்கோ போகிறார்கள். அங்கேயும் கடல் எப்போதும் அமைதியாக இருப்பதில்லை.

இந்த விடையின் ஆதரவாளர்கள் நகரத்தின் வசதியைச் சொல்வார்கள்: மருத்துவமனை, மருந்துக்கடை, பேருந்து, விதவிதமான சாப்பாடு. கொழும்பில் வெள்ளவத்தையில் தங்கினால் தமிழில் பேசி, சைவக் கடையில் சாப்பிட்டு, ஐந்து நிமிடத்தில் கடலோரம் நடக்கலாம். கரையோர ரயிலில் காலிக்குப் போய் மாலையில் திரும்பலாம். கிழக்கே திருகோணமலை இதைவிடப் பொருத்தமான ஊர் என்று வாதிட இடமிருக்கிறது. ஊருக்குள்ளேயே கடற்கரை, சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில், மான்கள் திரியும் பிரெட்ரிக் கோட்டை, சிறிது தூரத்தில் உப்புவெளியும் நிலாவெளியும், கன்னியா வெந்நீரூற்று, படகில் போகும் தூரத்தில் பவளப்பாறைகள் சூழ்ந்த புறாத் தீவு. தமிழ் எங்கும் புழங்கும்.

பலவீனம் இரண்டு. ஒன்று, நகரம் என்பதால் நெரிசலும் இரைச்சலும் கூடவே வரும். ஊரில் விட்டுவிட்டு வந்தது இங்கேயும் காத்திருக்கும். மற்றது, தினமும் போய்த் திரும்பும் பழக்கத்தில் மலைநாடும் பழைய தலைநகரங்களும் எட்டாமல் போகலாம். நகரக் கடற்கரை நடக்கவும் உட்காரவும் நல்லது, குளிக்க அவ்வளவு நல்லதல்ல என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவர்களுக்கே இந்த வழி ஏமாற்றமளிக்காது.

நான்காம் விடை: யாத்திரையின் தடம்

மற்ற மூன்றுக்கும் முந்தியது இது. தமிழ் மரபில் கடலில் குளிப்பது நெடுங்காலம் தீர்த்தமாடலாகவே இருந்தது: இராமேசுவரத்தின் அக்கினித் தீர்த்தம், யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் ஆடி அமாவாசை நீராடல். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை வழியாகக் கதிர்காமம் செல்லும் பாத யாத்திரை வாரக்கணக்கில் கிழக்குக் கடலை ஒட்டியே நடக்கிறது. இங்கே கோயில் இலக்கு, கடல் வழித்துணை.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு காலத்தில் இது எளிதாயிருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் ஏறிய போட் மெயில் பயணி தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போனார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் இலங்கையின் உள்நாட்டுப் போர்ச் சூழலில் நின்றது. 2009இல் போர் முடிந்த பிறகு வழிகள் மெல்லத் திறக்கின்றன. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வந்தது. 2019இல் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகிச் சென்னை விமானத்தை வரவேற்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது. பருவமழைக் காலத்தில் அது நிறுத்தப்படுவதுண்டு.

ஆறுபடை வீடுகளில் ஒன்றில் வாழ்கிறவர்களுக்குக் கதிர்காமம் வெறும் சுற்றுலாத் தலம் அல்ல. இந்த விடையின் தனிச்சிறப்பு, எதைப் பார்க்க வேண்டும் என்ற குழப்பத்தை அது தொடக்கத்திலேயே தீர்த்துவிடுவது. எதைப் பார்க்காமல் விட்டோம் என்ற வருத்தமும் எழாது. குறை என்னவென்றால், நேர்த்தியும் விரதமும் கொண்ட பயணம் எல்லோருக்கும் ஓய்வாகாது. குடும்பத்தில் ஒருவரின் நேர்த்திக்கடன் மற்றவர்களின் விடுமுறையாக மாறிவிடக்கூடும். கதிர்காமம் தென்கிழக்கு மூலையில் இருப்பதால், வடக்கில் இறங்கினால் ஐந்து நாளில் பெரும்பகுதி சாலையிலேயே கழியும்.

நான்கையும் குறுக்கே வெட்டும் காற்று

இந்த நான்கு நிலைப்பாடுகளும் தங்களுக்குள் வாதிடும்போது அடிக்கடி மறந்துவிடுவது பருவத்தை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி, பெந்தோட்டைப் பக்கம் அடிக்கிறது. அங்கே கடல் கொந்தளிக்கும், கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்கையும் வடக்கையும் நனைக்கும். தென்மேற்குக் கரை தெளிந்திருக்கும். இடையே மார்ச் – ஏப்ரலில் பிற்பகல் இடிமழை. அக்டோபர் – நவம்பர் எங்கும் மழை. வங்கக்கடல் புயல்களின் காலமும் அதுவே. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்த புயலைக் கிழக்கு மக்கள் இன்றும் மறக்கவில்லை.

இதைத் திருத்தணியின் நாள்காட்டியோடு பொருத்தினால் சில விடைகள் தாமாகவே விழுகின்றன. அரையாண்டு விடுமுறை டிசம்பர் இறுதியில் வருகிறது. அப்போது திருகோணமலை தவறான தேர்வு, கொழும்பும் காலியும் சரியான தேர்வு. டிசம்பர் 31 இரவு மலையின் 365 படிகளுக்கும் நடக்கும் திருப்படித் திருவிழாவுக்கு ஊரில் இருக்க விரும்புகிறவர்கள் அதற்கு முன்பே திரும்பியாக வேண்டும். கோடை விடுமுறையில் ஏப்ரல் பிற்பகுதியும் மே முற்பகுதியும் கிழக்குக்கு ஏற்றவை. ஆனால் ஏப்ரல் 13, 14இல் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டுக்குத் தீவே விடுமுறையில் இருக்கும், கடைகள் மூடியிருக்கும். ஆடியில் கதிர்காமத் திருவிழா நடக்கும்போது கிழக்குக் கடல் தெளிவாக இருப்பது யாத்திரைக்கும் கடலுக்கும் ஒருசேர வாய்ப்பான காலம். பள்ளி நடக்கும் மாதம் என்பதும், திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக் காவடி நடக்கும் மாதம் என்பதும் அதற்குத் தடை. காலாண்டு விடுமுறை பருவங்களுக்கு இடையில் விழுவதால் எந்தக் கரையையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கடலின் இழுப்பு இதோடு சேர்ந்தது. அலை கலங்கிய பருவத்தில், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோகும். கடலறியாத ஊரிலிருந்து போகும் குடும்பத்துக்கு, பாறைத்திட்டு காத்துநிற்கும் பாசிக்குடா போன்ற ஆழமற்ற குடாக்கள் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானவை. உள்ளூர் மீனவர் இறங்க வேண்டாம் என்றால் இறங்காதிருப்பதே பெரிய பாதுகாப்பு.

அந்தமான் என்னும் மாற்று

கடவுச்சீட்டு எடுக்காத குடும்பங்களுக்கு அந்தமான் இயல்பான மாற்று. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரம் சற்று கூடக்குறைய விமானப் பயணம். போர்ட் பிளேரில் தமிழ் பேசுவோர் கணிசம், முருகன் கோயிலும் உண்டு. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்நகருக்கு அருகில் கார்பின்ஸ் கோவ் என்ற நகரக் கடற்கரை இருக்கிறது. பெயர்பெற்ற ராதாநகர் கடற்கரை ஸ்வராஜ் தீவில். அங்கே படகில்தான் போக வேண்டும். கடல் சரியில்லாத நாளில் படகு ரத்தாகும் என்பதால் விமானத்துக்கு முந்தைய இரவை நகரத்திலேயே கழிப்பது அறிவுடைமை. சில கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். அவற்றை மதிக்க வேண்டும். பார்க்கப் பழைய சிறையும் கடலும் காடும் உண்டு. ஆனால் சுற்றி வரும் விடைக்கு வேண்டிய பழைய நகரங்களோ, யாத்திரை விடைக்கு வேண்டிய பழந்தலங்களோ இல்லை. ஆகவே தங்குதலுக்கும் நகர மையத்துக்கும் இடையில்தான் அங்கே தேர்வு.

ஆய்வுகள் எவ்வளவு உதவும்?

ஒரு வாரம் போதுமா என்ற கேள்விக்கு யெசிக்கா டி ப்ளூம் குழுவினரின் 2013ஆம் ஆண்டு ஆய்வை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். நீண்ட விடுமுறை எடுத்த டச்சு ஊழியர்களின் நலம் ஏறக்குறைய எட்டாம் நாளில் உச்சத்தை எட்டியது; வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு இறங்கியது. ஜெர்மனியில் சபீன் சொன்னென்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ் இருவரும் 2007இல் ஓய்வின் கூறுகளாக நான்கைச் சொன்னார்கள்: வேலையிலிருந்து மனம் விலகுதல், தளர்வு, புதிதாக ஒன்றைக் கற்றல், தன் நேரம் தன் கையில் இருத்தல். நியூசிலாந்தில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு வார விடுமுறையைப் பற்றிய நினைவு அதன் உச்சத்தையும் முடிவையும் மட்டும் சார்ந்ததல்ல, மறக்க முடியாத ஒரு நாளின் அனுபவத்தோடு அதிகம் பொருந்துகிறது என்று கண்டது.

இவை பயனுள்ளவை, ஆனால் எச்சரிக்கையோடு கொள்ள வேண்டியவை. ஆய்வுக்குட்பட்டவர்கள் சம்பள வேலை செய்யும் ஐரோப்பியர்களும் மாணவர்களும். நம் குடும்பத்தில் விடுமுறையிலும் துணி துவைப்பதும், பிள்ளைக்கு ஊட்டுவதும், மாமியாரின் மாத்திரையை நினைவில் வைப்பதும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகின்றன. சமையல் வசதியுள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தால் பணம் மிஞ்சும். அந்தப் பெண்ணின் விடுமுறை மிஞ்சாது. யாருடைய ஓய்வை அளக்கிறோம் என்று கேட்காத திட்டம் எதுவும் முழுமையாகாது.

மதிப்பீடு

நான்கு விடைகளில் எதையும் தவறு என்று தள்ள முடியாது. ஆயினும் வரிசை ஒன்றை ஓரளவு உறுதியோடு பரிந்துரைக்கலாம். முதலில் மாதம், பிறகு கரை, கடைசியாக ஊர். ஊரின் பெயரில் தொடங்கும் திட்டங்களே பருவத்தில் மாட்டிக்கொள்கின்றன. ஐந்து முழு நாளில் தங்குமிடம் இரண்டுக்கு மேல் போகாதிருப்பது நல்லது. அவற்றுள் ஒன்று கடலோரம் நடந்துபோகத்தக்க நகரமாக இருந்தால் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒருசேர இடம் கிடைக்கும். டிசம்பரில் வெள்ளவத்தையும் காலியும், மே முற்பகுதியில் திருகோணமலையும் பாசிக்குடாவும், ஆடியில் கதிர்காமத்தோடு கிழக்குக் கரையின் ஓர் ஊர் என்று இதைச் சுருக்கலாம். நுழைவு அனுமதி விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட்டுக்கு முன் அதைச் சரிபார்க்க வேண்டும்.

தீராத கேள்விகளும் உண்டு. பருவங்களின் பழைய ஒழுங்கு இனியும் எவ்வளவு நம்பத்தக்கது என்பது முதலாவது; மேலே சொன்ன மாதக் கணக்கு முழுவதும் அதையே நம்பி நிற்கிறது. நாகப்பட்டினம் கப்பலும் பலாலி விமானமும் ஆண்டு முழுதும் நிலையாக ஓடினால், கொழும்பில் தொடங்கும் காலனியத் தடம் மாறி வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கும் புதிய தடம் உருவாகுமா என்பது இரண்டாவது. நேர்த்திக்கும் ஓய்வுக்கும் ஒரே வாரத்தில் நேர்மையாக இடம் தர முடியுமா என்பது மூன்றாவது. இதற்கு ஆய்வாளரின் விடையைவிட வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்பதே பொருத்தம். குறிப்பாக, வழக்கமாகக் கேட்கப்படாதவர்களிடம்.